யாழ்ப்பாணத்தில நத்தார் பாட்டு: அடிக்கடி கேக்கிற கேள்வியளும் பதில்களும்

மார்கழி (டிசம்பர்) வரமுதலே தொடங்கிடும். வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர், ஒளிவிழாவுக்குப் பிள்ளையளைப் பழக்கிற ரீச்சர்மார், பக்கத்து வீட்டு சைவ ஆக்கள், கொயருக்குப் புதுசா வந்த பெடியள் எண்டு எல்லாரும் என்னட்ட ஒரே மாதிரிக் கேள்வியள் தான் கேக்கினம். நான் கனகாலமா கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழாமில பாடுற ஆள், பாட்டெண்டா எனக்கு உயிர், அதால எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் ஒரே இடத்தில எழுதிப்போட்டு விடுறன்.

நத்தார் பாட்டு எப்ப தொடங்கிப் போடலாம்?

ரவுண் கடையள்ல கார்த்திகை (நவம்பர்) நடுவிலயே மணிச்சத்தத்தோட பாட்டுப் போடத் தொடங்கிடுவினம், அது வியாபாரம், நான் அதில ஒண்டும் சொல்ல வரேல்ல. ஆனா வீட்டில கேக்கிறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, அந்த ஒழுங்கைப் பிடிச்சா பாட்டின்ர ருசியே வேற. நத்தாருக்கு முதல் வாற நாலு ஞாயிறும் திருவருகைக் காலம், அது கார்த்திகை 30ஐ ஒட்டி வாற ஞாயிறில தொடங்கும். கோயில்ல பாதர் ஊதா உடுப்புப் போடுவார், ஞாயிறுப் பூசையில 'உன்னதங்களிலே' எண்டு தொடங்கிற மகிமைப் பாட்டைப் பாட மாட்டம், நாலு கிழமையும் அதை அடக்கி வைச்சிருப்பம். அந்த நாளுகள்ல 'ஓ வாரும் இம்மானுவேலே' மாதிரி ஏக்கமா இழுத்துப் பாடுற பாட்டுகள் தான் பொருத்தம். பிறந்தார் பிறந்தார் எண்டு கார்த்திகையிலயே பாடி முடிச்சா 24 இரவுக்கு என்னத்தை வைக்கிறது?

அதால நான் சொல்லுறது இது தான்: முதல் இரண்டு கிழமையும் காத்திருப்புப் பாட்டு, மார்கழி 16ல பாலன் யேசு நவநாள் தொடங்கின பிறகு கரோல், 24 நடுச்சாமத்தில இருந்து முழுச் சத்தத்தில எல்லாப் பாட்டும். கொயர் பிறக்டிஸ் இந்தக் கணக்கில வராது, நாங்கள் கல்லறைத் திருநாள் முடிஞ்ச கையோட தொடங்கிடுவம், இல்லாட்டி நாலு குரலும் ஒண்டு சேராது.

கரோல் எண்டு இரவில வாறவை என்ன செய்வினம்? நாங்கள் சைவம், எங்கட வீட்டுக்கும் வருவினமோ?

வருவினம், நீங்கள் விரும்பினா. கரோலுக்கு வாற பெடியள் பெட்டையள் பங்கு இளைஞர் மன்றமோ மறைக்கல்விப் பிள்ளையளோ சண்டே ஸ்கூல் ஆக்களோ தான். முந்தி நடந்தும் சைக்கிள்லயும் போவினம், இப்ப லான்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மிசின்) பெட்டியில கலர் லைற் கட்டி, ஒரு சின்ன ஜெனரேற்றர், ஒரு கீபோட், ஒரு டோலக், சிவப்புச் சட்டையில நத்தார் பப்பா. ஒழுங்கையால வரேக்க முதல் நாய் குலைக்கும், அதுக்குப் பிறகு தான் பாட்டுக் கேக்கும். மாரி காலமெண்டபடியா ஒழுங்கை முழுக்க வெள்ளம், செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு முழங்கால் மட்டுக்கு காற்சட்டையை மடிச்சுவிட்டு நிண்டு பாடுவினம், மழைத்துளி கீபோட்டில படாமல் ஒரு ஆள் அதுக்கு மட்டும் குடை பிடிச்சுக்கொண்டு நிப்பார்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது: படலையைத் திறந்து, முத்தத்து லைற்றைப் போட்டு, எல்லாரும் வெளியில வந்து நிண்டு கேக்கிறது. இது தான் முக்கியம், தயவு செய்து யன்னலுக்கால எட்டிப் பாத்திட்டு காசைக் குடுத்து அனுப்பாதேங்கோ. இரண்டு பாட்டுப் பாடுவினம், ஒரு சின்னச் செபம், வாழ்த்து, பிள்ளையளுக்கு இனிப்பு. நீங்கள் கவரில ஏதும் குடுத்தா அது பெரும்பாலும் ஊர்ல கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கோ பிள்ளையளின்ர நத்தார் பரிசுக்கோ தான் போகும். தேத்தண்ணி குடுத்தா சந்தோசம், ஆனா சீனி குறைஞ்ச இஞ்சித் தேத்தண்ணி எண்டா பாடுற தொண்டைக்கு இன்னும் நல்லம்.

சைவ வீடுகளைப் பற்றிக் கேட்டீங்கள். எங்கட ஒழுங்கையில கரோலை ஆவலாப் பாத்துக்கொண்டு இருக்கிற வீடுகள்ல பாதி சைவ வீடு தான். போன முறை விட்டிட்டுப் போட்டியள் எண்டு கோவிச்ச மாமிமாரும் இருக்கினம். விருப்பமெண்டா பக்கத்து வீட்டு கிறிஸ்தவ ஆக்களிட்டச் சொல்லி வைச்சாக் காணும்.

அதே நாளுகள்ல தானே திருவெம்பாவையும் வரும், இரண்டு சத்தமும் முட்டாதோ?

முட்டாது, நேரம் வேற. கரோல் முன்னிரவில, திருவெம்பாவை விடியக்காலமை. ஆருத்திரா தரிசனத்துக்கு முதல் வாற பத்து நாளும் விடிய முதல் பெடியள் சங்கு ஊதி சேமக்கலம் அடிச்சுக்கொண்டு வீதி வழிய பாடிப் போவினம், மார்கழிக் குளிரில அந்தச் சேமக்கலச் சத்தம் தூரத்தில இருந்து மெல்ல மெல்லக் கிட்ட வாறதை நான் படுக்கையில கிடந்து கேட்டிருக்கிறன். எனக்கு அதுவும் மார்கழிப் பாட்டுத் தான். இரண்டுமே படுத்திருக்கிற ஆளை எழுப்பி வாசலுக்கு வரச் சொல்லுற பாட்டு, ஒண்டு இரவில, ஒண்டு வைகறையில. இரண்டும் கேக்கிற ஊர்ல பிறந்தது பாக்கியம் எண்டு தான் நான் நினைக்கிறன்.

ஒளிவிழாவுக்குப் பிள்ளைக்கு என்ன பாட்டுப் பழக்கலாம்?

வெளியூர் ஆக்களுக்கு முதல் சொல்லோணும், இஞ்ச பள்ளிக்கூடங்கள், கச்சேரி எண்டுற மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் எண்டு எல்லா இடமும் நத்தாருக்கு முதல் வைக்கிற விழாவுக்குப் பேர் ஒளிவிழா. பள்ளிக்கூடம் மூண்டாம் தவணை முடிய முதல் வைச்சிடுவினம். சம்மனசு (தேவதூதர்) வேசம் போடுற பிள்ளை சைவமாயும் இருக்கும், சூசையப்பர் வேசம் போடுற பெடியன் நேற்றுத் தான் நவராத்திரிக்கு சகலகலாவல்லி மாலை பாடினவனாயும் இருப்பான், அதை ஒருத்தரும் பெரிசா எடுக்கிறேல்ல.

பாட்டெண்டா சின்னப் பிள்ளையளுக்கு ஒரு தாலாட்டு தான் என்ர தெரிவு. பாலனைத் தொட்டிலில ஆட்டுற தாலாட்டு மெட்டு எங்கட பிள்ளையளின்ர காதில ஏற்கனவே இருக்கு, பழக்கச் சுகம், சுருதியும் உயரப் போகாது. மேல் வகுப்புப் பிள்ளையளுக்கு இரண்டு குரல் பிரிச்ச கரோல் ஒண்டு குடுங்கோ. ரீச்சர்மாரிட்ட ஒரு வேண்டுகோள்: யூரியூப்பில இருந்து கரோக்கி எடுத்துப் போட்டு அதுக்கு மேல பிள்ளையளைப் பாட விடாதேங்கோ, கரோக்கி அதின்ர பாட்டில ஓடும், பிள்ளை மூச்செடுக்க நிண்டா பின்னுக்கு விட்டிடும். ஆர்மோனியமும் ஒரு தபேலாவும் காணும், வாசிக்கிறவர் பிள்ளையைப் பாத்து வாசிப்பார்.

கத்தோலிக்கக் கோயில்ல பாடுறதும் மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபைச் சேர்ச்சுகள்ல பாடுறதும் ஒரே பாட்டோ?

கொஞ்சம் ஒண்டு, கனக்க வேற. மெதடிஸ்த மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தது 1814ல, அமெரிக்க மிசன் 1816ல, அவை வரேக்க இங்கிலீசு ஞானப்பாட்டுகளையும் கொண்டு வந்தினம். அந்தப் பாட்டுகளைத் தமிழாக்கி அதே மேல்நாட்டு மெட்டில பாடுறது அந்தச் சேர்ச்சுகள்ல இண்டைக்கும் இருக்கு. 'பக்தரே வாரும்', 'இராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்', 'கேள் ஜென்மித்த ராயர்க்கே' மூண்டும் அப்பிடி வந்தது. கடைசிப் பாட்டின்ர மூலத்தை 1739ல எழுதினவர் சாள்ஸ் வெஸ்லி, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கின ஜோன் வெஸ்லியின்ர தம்பி. இப்ப பாடுற மெட்டு மெண்டல்சன் 1840ல அச்சு இயந்திர விழா ஒண்டுக்கு எழுதின இசை, அதை 1855ல தான் இன்னொருத்தர் இந்த வரியளோட சேத்தவர். வரி எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் ஒருத்தரை ஒருத்தர் கண்டதே இல்லை, ஆனா பாட்டைக் கேட்டா ஒராள் இருந்து ஒரே மூச்சில செய்த மாதிரி இருக்கும்.

அதே சேர்ச்சுகள்ல கீர்த்தனையும் உண்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், 1774 தொடங்கி 1864 மட்டும் வாழ்ந்தவர், பெத்லகேம் குறவஞ்சி எழுதினவர், அவற்ற வழியில வந்த கீர்த்தனையள் ராகம் தாளத்தோட எங்கட பக்கமும் பாடுவினம். கத்தோலிக்கப் பக்கத்தில முந்தி பூசை லத்தீனில, அதால வயது போன ஆக்கள் சில பேர் 'பக்தரே வாரும்' பாட்டை இப்பவும் 'அதேஸ்தே பிதேலெஸ்' எண்டு லத்தீனில கடகடவெண்டு பாடுவினம். 1962 தொடக்கம் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தான் எங்கட பூசை தமிழாச்சு, அதோட புதுத் தமிழ்ப் பாட்டுகள் நூற்றுக்கணக்கில வந்திட்டுது. பங்குக்குப் பங்கு சொந்தப் பாட்டு இருக்கு, ஆர் எழுதினது எண்டே தெரியாமல் ஊர்ச் சொத்தா நிக்கிற பாட்டுகளும் இருக்கு.

இரண்டு பக்கமும் போய்க் கேளுங்கோ எண்டு தான் நான் சொல்லுவன். நாலு குரல் ஒழுங்காப் பிரிஞ்சு கேக்கோணுமெண்டா சேர்ச் கரோல் ஆராதனை, சனம் முழுக்கச் சேந்து தொண்டை கிழியப் பாடுறது கேக்கோணுமெண்டா குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கத்துக் கோயில்கள். கடற்கரைச் சனத்தின்ர குரலுக்கு மைக் தேவையில்லை.

எல்லா வீட்டிலயும் ஏன் பொனி எம், ஜிம் றீவ்ஸ்?

கசற் காலம் தான் காரணம். அமெரிக்கப் பாடகர் ஜிம் றீவ்ஸின்ர நத்தார் இசைத்தட்டு 1963ல வந்தது, அடுத்த வருசமே அவர் விமான விபத்தில செத்துப்போனார், ஆனா அந்தப் பன்னிரண்டு பாட்டும் இலங்கை முழுக்க நிலைச்சிட்டுது. ஆறுதலான குரல், ஒவ்வொரு சொல்லும் தெளிவா விளங்கும், அதால இங்கிலீசு கொஞ்சம் மட்டும் தெரிஞ்ச ஆக்களும் கூடப் பாடினவை. பொனி எம் எண்ட பாட்டுக் குழு 1978ல 'மேரீஸ் போய் சைல்ட்' பாட்டையும், 1981ல முழு நத்தார் அல்பத்தையும் வெளியிட்டவை. அந்தப் பாட்டை முதல் எழுதினவர் ஜெஸ்ரர் ஹெயார்ஸ்ரன் எண்ட கறுப்பின அமெரிக்க இசையமைப்பாளர், 1956ல ஹரி பெலபொன்ரே பாடிப் புகழாக்கினது. ஜிம் றீவ்ஸின்ர தட்டிலயும் அதே பாட்டு இருக்கு. மூண்டையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் போட்டுக் கேட்டுப் பாருங்கோ, நான் சொல்லுறது விளங்கும்: பெலபொன்ரே கதை சொல்லுவார், றீவ்ஸ் பிள்ளையை நித்திரையாக்குவார், பொனி எம் ஊரையே எழுப்பிவிடும்.

அப்ப ரவுணில ரெக்கோடிங் பார்கள் இருந்தது. விரும்பின பாட்டுகளைத் துண்டில எழுதி ஒரு வெறும் கசற்றோட குடுத்தா ஒரு கிழமையால பதிஞ்சு தருவினம். 60 நிமிசக் கசற் எண்டா பக்கத்துக்கு முப்பது, அதுக்குள்ள எந்தப் பாட்டு எந்தப் பக்கம் எண்டு வீட்டில பெரிய ஆலோசனை நடக்கும். முதல் பக்கம் இங்கிலீசு, மற்றப் பக்கம் தமிழ் எண்டு கன வீட்டில ஒரே முறை. கேக்குக்கு முந்திரிகை வத்தலும் இஞ்சிப் பாகும் வெட்டேக்க முதல் பக்கம் ஓடும், பலகாரம் சுடேக்க கசற்றை மாத்திப் போடுவினம்.

கரண்ட் இல்லாத காலத்தில என்னெண்டு பாட்டுக் கேட்டனீங்கள்?

இந்தக் கேள்வியை வெளிநாட்டில பிறந்த பிள்ளையள் கேக்கேக்க எனக்குச் சந்தோசம், ஏனெண்டா இது கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய கதை. 1990ல யுத்தத்தால யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நிண்டுபோச்சு, வருசக்கணக்கா வரேல்ல. பற்றறி தடை செய்த சாமான், களவா வந்தாலும் நெருப்பு விலை. அதால சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிட்டு இருக்கையிலயும் ஹாண்டில்லயும் நிப்பாட்டி, பின் சில்லில டைனமோவைச் சாய்ச்சுப் பூட்டி, அதில இருந்து வயர் எடுத்து றேடியோவுக்கோ ரேப்புக்கோ குடுக்கிறது. சைக்கிள் டைனமோ சாதாரணமா 6 வோல்ட் 3 வாட், அதுவும் ஆடலோட்டம், அப்பிடியே குடுத்தா றேடியோ உறுமும், அதுக்கு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் வைச்சு நேராக்கினவை. பத்தாம் வகுப்புப் பெடியள் பழைய றேடியோவைக் கழட்டி அந்தச் சாமானுகளை எடுத்து ஈயம் உருக்கி ஒட்டினவங்கள்.

ஒராள் பெடலைக் கையால சுத்தோணும். ஒரே வேகத்தில சுத்தினா பாட்டு ஒழுங்கா வரும், கை களைச்சு வேகம் குறைஞ்சா ரேப் இழுபட்டு பாடுற ஆளின்ர குரல் எருமை மாதிரித் தடிச்சுப் போகும், உடன எல்லாரும் கத்துவினம், அடுத்த ஆள் வந்து பிடிப்பார். ஒரு கரோல் முழுக்க இழுபடாமல் சுத்தி முடிச்சவனுக்கு அண்டைக்கு முதல் கேக் துண்டு. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில, விறாந்தையில அயலட்டை எல்லாம் கூடி இருந்து ஒரு கசற்றைக் கேக்கிற அந்தச் சுகம் வேற, எந்த வரி எங்க வரும் எண்டு எல்லாருக்கும் பாடம்.

சிற்றலையில மணிலாவில இருந்து வேரித்தாஸ் வானொலியின்ர தமிழ் ஒலிபரப்பு, அந்த நிலையம் 1969ல தொடங்கினது. மற்றது வத்திக்கான் வானொலி, 1931ல மார்க்கோனியே கட்டிக் குடுத்தது. இலங்கை வானொலியின்ர நத்தார் நிகழ்ச்சியும் இருந்தது. அலை வந்து வந்து போகும், பாட்டின்ர நடுவில கரகரவெண்டு இரைச்சல் மூடும், ஆனாலும் ஒருத்தரும் எழும்பிப் போறேல்ல. வேரித்தாஸ் 2018ல சிற்றலையை நிப்பாட்டி இணையத்துக்குப் போட்டுது, அந்த இரைச்சலும் அதோட போச்சு.

1995 ஐப்பசி (ஒக்ரோபர்) 30ல யுத்தத்தால வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. அந்த வருச நத்தார் கன சனத்துக்குத் தென்மராட்சியிலயும் வன்னியிலயும் தான். பாட்டுக் கொப்பியளை வீட்டில விட்டிட்டு வந்தவை மனப்பாடத்தில இருந்து பாடினவை, ஒராளுக்கு முதல் சரணம் ஞாபகம், இன்னொராளுக்கு இரண்டாவது. பிறகு ஊரடங்கு இருந்த வருசங்கள்ல நடுச்சாமப் பூசை பின்னேரத்துக்கு மாறினது. அண்டைக்கும் பாட்டு நிக்கேல்ல.

நடுச்சாமப் பூசையில எந்த இடத்தில எந்தப் பாட்டு?

பூசைக்கு முதல் அரை மணித்தியாலம் கரோல் கீதங்கள். பிறகு லைற் எல்லாம் நூப்பினம். 'உன்னதங்களிலே' தொடங்கின உடன கோயில் மணி, கைமணி எல்லாம் ஒரேயடியா அடிக்கும், லைற் வரும், பாலன் குடிலில திரை விலகும். நாலு கிழமையா அடக்கி வைச்சிருந்த பாட்டு அது, பாடுற எங்களுக்கு முதல் வரியிலயே தொண்டை அடைச்சுப் போகும், அதால முதல் வரியைக் கொயர் மாஸ்ரர் ஆம்பிளைக் குரலுக்கு மட்டும் குடுக்கிறவர், பெண் குரல் இரண்டாம் வரியில சேரும்.

காணிக்கைக்கு ஒரு அமைதியான பாட்டு. நற்கருணைக்குப் பிறகு 'சைலன்ட் நைட்', தமிழில. கடைசியில எல்லாரும் பாலனை முத்தமிட லைன்ல போகேக்க தாலாட்டுப் பாட்டுகள், லைன் நீளமெண்டா ஆறேழு பாட்டுக் கையில இருக்கோணும். இந்த இடத்துக்குப் புதுக் கொயர்காரர் பெரும்பாலும் பாட்டுக் காணாமல் திண்டாடுவினம், முதலே எழுதி வையுங்கோ.

'சைலன்ட் நைட்' ஏன் அவ்வளவு பெரிசு?

ஒஸ்ரியாவில சால்ஸ்பேர்க்குக்குக் கிட்ட ஓபேண்டோர்வ் எண்ட சின்ன ஊர், 1818 மார்கழி 24. ஜோசப் மோர் எண்ட இளம் குருவானவர் இரண்டு வருசத்துக்கு முதல் எழுதி வைச்சிருந்த கவிதையைப் பிரான்ஸ் குறுபர் எண்ட பள்ளிக்கூட வாத்தியாரிட்டக் குடுக்க அவர் மெட்டுப் போட்டார், அண்டிரவே கிற்றாரோட இரண்டு பேரும் பாடினவை. ஒரு பங்குக் குருவும் ஒரு வாத்தியாரும் தங்கட ஊர்ச் சனத்துக்காகச் செய்த பாட்டு. எங்கட பங்குகள்ல இப்பவும் பாட்டுப் பிறக்கிறது அப்பிடித் தானே, அதால எனக்கு அந்தப் பாட்டில தனிப் பிரியம். அதை வேகமாப் பாடாதேங்கோ, கீபோட்டில தாளத்தைப் போட்டும் கெடுக்காதேங்கோ.

'ஜிங்கிள் பெல்ஸ்' கோயிலுக்க பாடலாமோ?

வேண்டாம். ஜேம்ஸ் பியர்பொன்ற் 1857ல வெளியிட்ட பனிவண்டிப் பாட்டு அது, நத்தாரைப் பற்றி ஒரு சொல்லும் அதில இல்லை. கரோல் லான்மாஸ்ரரிலயும் ஒளிவிழாவிலயும் தாராளமாப் பாடுங்கோ, பிள்ளையள் துள்ளட்டும்.

வெளிநாட்டில இருக்கிறம், ஊரோட சேந்து கேக்க என்ன செய்யலாம்?

இப்ப கன பங்குகள் நடுச்சாமப் பூசையை பேஸ்புக்கிலயும் யூரியூப்பிலயும் நேரடியாப் போடுகினம். எங்கட இரவு 12 மணி எண்டா லண்டனில பின்னேரம் 6.30, பாரிஸ், சூரிச், ஒஸ்லோவில 7.30, ரொறன்ரோவில 24ம் திகதி மத்தியானம் 1.30, மெல்பேணில 25 விடிய 5.30. ரொறன்ரோ ஆக்கள் வேலைக்கு லீவு போட்டுத் தான் பாக்கினம், பாத்திட்டு அங்கத்தைப் பூசைக்கும் போகினம், அவையளுக்கு இரண்டு நத்தார்.

மற்றப் பக்கமா, நாங்கள் இஞ்ச இருந்து கேக்கிறதும் இருக்கு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின்ர ஒன்பது வேதபாடமும் கரோலும் சேந்த ஆராதனை 1918ல தொடங்கினது, முதலாம் உலக யுத்தம் முடிஞ்ச அந்த மார்கழி, 1928ல இருந்து பிபிசி ஒலிபரப்புது. அங்க பின்னேரம் 3 மணி, எங்களுக்கு இரவு 8.30. பூசைக்கு வெளிக்கிட முதல் சரியாப் பொருந்திற நேரம். துணை வாத்தியம் ஒண்டும் இல்லாமல் ஒரு சின்னப் பெடியன் தனியத் தொடங்குவான், ஆர் பாடப்போறது எண்டு கடைசி நேரம் மட்டும் அந்தப் பெடியளுக்கே சொல்ல மாட்டினமாம். எங்கட வீட்டில அந்த முதல் சரணம் முடியும் மட்டும் ஒருத்தரும் கதைக்கக் கூடாது, சீலைக்குப் பின் குத்திறதெண்டாலும் பேந்து தான்.

வட்ஸ்அப்பில சேந்து பாடப் பாக்காதேங்கோ, சத்தம் பிந்தி வரும், ஒருக்காலும் ஒண்டு சேராது. ஒராள் பாட மற்றாக்கள் கேளுங்கோ, பிறகு மாறுங்கோ.

நத்தாருக்குக் கூத்து இருக்கோ?

இருக்கு. கத்தோலிக்க ஊர்கள்ல நாட்டுக்கூத்து பெரிய சொத்து, பெரும்பாலும் புனிதர்மாரின்ர கதை, ஆனா பாலனைத் தேடிக் கிழக்கில இருந்து வாற மூண்டு ராசாக்களின்ர கதையும் பாடி ஆடுறது தான். மன்னார்ப் பக்கத்து மூவிராசாக்கள் நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966ல பதிப்பிச்சு வெளியிட்டவர், கிடைச்சா எடுத்து வாசியுங்கோ. ஏரோது கொலுவுக்கு வாற வரவுப் பாட்டு எண்டா மத்தளக்காரருக்கு வேலை கூட. யாழ்ப்பாணத்தில மரிய சேவியர் அடிகள் 1965ல தொடங்கின திருமறைக் கலாமன்றம் இந்தக் கலையள் அழியாமல் இருக்கச் செய்த வேலை கொஞ்ச நஞ்சமில்லை. பெடியள் கரோலுக்கு ஒரு கூத்து மெட்டையும் சேத்தா எவ்வளவு வடிவா இருக்கும் எண்டு நான் ஒவ்வொரு வருசமும் கேக்கிறன்.

ஸ்பீக்கர் எவ்வளவு சத்தமாப் போடலாம்?

அயலில சோதினைக்குப் படிக்கிற பிள்ளை, வருத்தக்காரர், கைக்குழந்தை இருந்தா பொக்ஸை ரோட்டுப் பக்கம் திருப்பாதேங்கோ. இரவு பத்துக்குப் பிறகு வீட்டுக்குள்ள மட்டும்.

26ம் திகதி பாட்டுப் போடலாமோ?

2004ல நத்தாருக்கு அடுத்த நாள் காலமை தான் சுனாமியாக் கடல் வந்தது. மணற்காடு, வடமராட்சி கிழக்கு, முல்லைத்தீவு, முதல் நாள் இரவு பூசையில பாடின பிள்ளையள், கொயர்காரர் எத்தினை பேர். அதால கரையோர ஊர்கள்ல அண்டைக்குப் பாட்டு இல்லை, பூசையும் நினைவுச் செபமும் தான். நாடு முழுக்க காலமை 9.25ல இருந்து இரண்டு நிமிசம் மௌனம். உங்கட ஊர் கடலில இருந்து தள்ளி இருந்தாலும் மத்தியானம் மட்டும் ரேப்பை நிப்பாட்டி வையுங்கோ, பக்கத்து வீட்டில ஆர் ஆரை இழந்தவை எண்டு எல்லாருக்கும் தெரியாது.

அம்மம்மா பாடுற பழைய நத்தார் பாட்டு ஒரு இடமும் கிடைக்கேல்ல. என்ன செய்யிறது?

உடன பதியுங்கோ. அடுத்த நத்தாருக்கு எண்டு தள்ளிப் போடாதேங்கோ, இந்த ஒரு விசயத்தில நான் ஆரோடயும் சண்டை பிடிப்பன். போன் போதும். காத்தாடியை நிப்பாட்டி, போனை விமான மோட்டில போட்டு, அவவின்ர வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைச்சு, இரண்டு தரம் பாடச் சொல்லுங்கோ. முதல் தரம் ஞாபகப்படுத்துவா, இரண்டாம் தரம் தான் குரல் திறக்கும். பாட்டு முடிஞ்ச உடன ரெக்கோடிங்கை நிப்பாட்டாதேங்கோ, அதுக்குப் பிறகு வாற கதையில தான் ஆரிட்டப் படிச்சது, எந்தக் கோயில், எந்த வருசம் எல்லாம் இருக்கும். சொல்லுகளைக் கொப்பியில எழுதி அவவுக்கே திருப்பி வாசிச்சுக் காட்டுங்கோ.

பழைய பாட்டுக் கொப்பி வீட்டில இருந்தா பக்கம் பக்கமாப் படம் எடுங்கோ. என்ர அம்மம்மாவின்ர கொப்பி ஒண்டு எங்களிட்ட இருக்கு, ஒற்றை ரூள் கொப்பி, மட்டை போட்டுது, நீல மை ஈரம் பட்டு ஊறி இருக்கு. ஒவ்வொரு பாட்டுக்கு மேலயும் மெட்டு எண்டு போட்டு அந்தக் காலத்துப் படப்பாட்டு ஒண்டின்ர முதல் வரி. அந்தப் படப்பாட்டைத் தேடிக் கேட்டா இந்தப் பாட்டை என்னெண்டு பாடுறது எண்டு பிடிச்சிடலாம், நாங்கள் அப்பிடி மூண்டு பாட்டை மீட்டுக் கொயரில பாடினாங்கள். ஒரு பாட்டுக்கு மட்டும் மெட்டு எழுதாமல் 'எல்லாருக்கும் தெரிஞ்சது' எண்டு எழுதி இருக்கு. அதை ஒருத்தருக்கும் இப்ப தெரியாது. சொல்லு இருக்கு, மெட்டு இல்லை. இதை வாசிக்கிற ஆரும் சில்லாலை, பண்டத்தரிப்பு, இளவாலைப் பக்கத்து ஆக்களெண்டா, தொழுவத்து மாடு பாலனுக்கு மூச்சால சூடு குடுக்கிற மாதிரி வாற தாலாட்டு ஒண்டு உங்கட வீட்டுப் பெரியாக்களுக்குத் தெரியுமோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

எப்ப நிப்பாட்டுறது?

25 இரவோட கடையள் பாட்டை நிப்பாட்டிடும், வீட்டில நிப்பாட்டாதேங்கோ. நத்தார்க் காலம் 25ல தான் தொடங்குது. மாசி வரைக்கும் இழுக்கச் சொல்லேல்ல, தை (ஜனவரி) 6 மூவிராசாக்கள் திருநாள் மட்டும் பாடலாம், கேக்கலாம், அதுக்கு அடுத்து வாற ஆண்டவரின்ர திருமுழுக்கு விழாவோட குடிலைக் கழட்டி, சவுக்கு மரத்தை எடுத்து, பாட்டுக் கொப்பியளைக் கட்டி அலுமாரியில வைக்கலாம். கசற் வைச்சிருக்கிற ஆக்கள் வைக்க முதல் முழுக்கச் சுத்தி வையுங்கோ, ஈரம் படாத தட்டில.